எட்டு ரூபாய் நீலம்

அத்தியாயம் 19

மோசேக்குப் பிறகு கடலைப் பிளந்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு. அவர் முழுக் கடலையும் பிளந்தார், நான் ஒரு ஜாண். அவருக்குக் கோல் வேண்டியிருந்தது. எனக்கு இரண்டு நூல்கண்டே போதும் என்றாகிவிட்டது.

நடந்தது வியாழக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, சாந்தோமில் எங்கள் அடுக்குமாடியின் மொட்டை மாடியில். என் மனைவி ஐவி, மகள் ஜொவிட்டா, தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு காக்கா ஆகியோர் சாட்சி.

பதினைந்து மாதமாக ஐவி தைத்துக்கொண்டிருந்த கிராஸ் ஸ்டிட்ச் படத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெயிலுக்குக் கொண்டு வந்தோம். போட்டோ எடுக்கலாம் என்றாள் ஜொவிட்டா. அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. துணி உலர்த்தும் கயிற்றின் மேல் மெதுவாக விரித்தோம். மூன்றடி நீளம், இரண்டடி உயரம். விடிகாலைக் கடல், நடுவில் ஒரு கட்டுமரம், தூரத்தில் மேகம். கிட்டே போய்ப் பார்த்தால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் குட்டிக் குட்டிப் பெருக்கல் குறிகள்.

கட்டுமரத்துக்கு இடது பக்கம், தண்ணீரில், ஒரு பட்டை இருந்தது. ஒரு ஜாண் நீளம், இரண்டு விரல் அகலம். சுற்றியிருந்த நீலம் ஆழமாக இருக்க, அது மட்டும் பள்ளிக்கூட யூனிபாரம் மாதிரி பளீரென்று மின்னியது.

"மம்மி! படகை ஒட்டி என்ன இது, பட்டை மாதிரி? இங்க பாருங்க!"

ஐவி பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "என் தப்புதான். வேற நம்பர் நூலை எடுத்துட்டேன் போல."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். கொட்டாவி வந்தது.

இதுவரை நடந்ததை இரண்டு மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஐவி முப்பது வருடம் கான்வென்ட் பள்ளியில் தையல் டீச்சர். கோயில் பீடத்துக்கு விரிப்பு, புது நன்மை என்று முதன்முதலாக நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்குக் கைக்குட்டை, சொந்தக்காரர் வீட்டுச் சுவருக்கெல்லாம் படம் என்று ஊருக்கே தைத்துக் கொடுத்தவள். கூலி, "ரொம்ப அழகா இருக்கு ஐவி" என்ற ஒரு வாக்கியம். அறுபத்தோரு வயதில் முதல் முறையாக ஒருத்தி அவளிடம் "என்ன விலை?" என்று கேட்டாள். சிம்ரா என்ற பெண். வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்பவள். பாலவாக்கத்தில் கடலைப் பார்த்த ஒரு வீட்டின் கூடத்துக்காகக் கேட்டாள்.

மொத்தமாக ஒரு தொகை பேசினார்கள். துணி, நூல் எல்லாம் நம் செலவு. ஆகவே நூலில் எவ்வளவு மிச்சமோ, அவ்வளவும் ஐவியின் கூலி.

அந்தக் கணக்கு காதில் விழுந்ததும் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காஸ்பர் ஆகிய நான் தரமணியில் ஒரு கல்வி நிறுவனத்தில் முப்பத்திரண்டு வருடம் ஸ்டோர் கீப்பர். ஓய்வு பெற்று மூன்று வருடமாக ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தவன். நூல் நிர்வாகத்தை நானே எனக்கு ஒப்படைத்துக்கொண்டேன். ஸ்டீல் அலமாரியில் நூற்றுப் பதினெட்டு நிறம், நிறத்துக்கு ஓர் அட்டை, அட்டையில் நம்பர். தீர்ந்த கண்டைச் சுற்றியிருந்த காலிச் சீட்டைக் கொடுத்தால்தான் புதுக் கண்டு வழங்கப்படும். வெட்டிய துண்டு நூல் விரல் நீளத்துக்கு மேல் இருந்தால் என் டப்பாவுக்குத் திருப்பித் தர வேண்டும். ஜொவிட்டா இதற்கு ரேஷன் கடை என்று பெயர் வைத்தாள். ஐவி பதினைந்து மாதமும் சீட்டைக் கொடுத்து நூலை வாங்கிப் போனாள்.

போன வாரம் சிம்ரா போன் செய்து, சனிக்கிழமை படத்தை எடுத்துக்கொள்ள வருகிறேன் என்றாள். அதோடு நின்றோம்.

இப்போது என் குற்றம். ஏப்ரல் மாதம் ஒரு நீலம் தீர்ந்துபோனது. வெளிநாட்டு நூல், கண்டு அறுபது ரூபாய். அதே நீலம் மாதிரியே தி. நகரில் எட்டு ரூபாய்க்கு ஒன்று கிடைத்தது. இப்படிச் செய்வதற்கு எங்கள் ஸ்டோரில் 'சமமான மாற்றுப் பொருள்' என்று மரியாதையான ஒரு பெயர் உண்டு. இரண்டு கண்டு வாங்கினேன். டியூப் லைட் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், ஒன்றாகத்தான் தெரிந்தது. அசல் நம்பர் எழுதிய அட்டையிலேயே அதைச் சுற்றி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மிச்சம், நூற்று நான்கு ரூபாய்.

என் மண்டையைக் குடைந்தது வேறொன்று. கல்யாண வீட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, மேடையில் நிற்கும் பெண்ணின் புடவைக்கும் ஜாக்கெட்டுக்கும் அரை நிறம் வித்தியாசம் இருக்கிறது என்று என் காதில் சொல்கிறவள் ஐவி. அவள் எப்படி இரண்டாயிரம் தையல் வரைக்கும் இதைக் கண்டுபிடிக்காமல் விட்டாள்?

"நீ எப்படி ஐவி கவனிக்காம விட்டே?" என்று மாடிப்படியில் கேட்டேன். களவும் செய்துவிட்டு, காவல்காரனையும் குறை சொல்கிற மாதிரிதான் இருந்தது.

"டீ ஆறிடும், வாங்க," என்றாள்.

டீ ஆறுவதற்குள் போன் வந்தது. சிம்ரா. ஐவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆன்ட்டி, ஒரு சின்ன சேஞ்ச். வீட்டுக்காரங்க சனிக்கிழமை காலைல ஊருக்குக் கிளம்பறாங்க. நாளைக்கு ஈவினிங் அஞ்சு மணிக்கு அவங்களையே கூட்டிட்டு வந்துடட்டுமா? நேர்ல பார்த்தா சந்தோஷப்படுவாங்க."

ஜொவிட்டா தலையில் கை வைத்தாள். நான் டீயில் பார்வையை வைத்தேன்.

"வாங்கம்மா," என்றாள் ஐவி. "ரெடியா இருக்கும்."

"ஆன்ட்டி, அவங்க கொஞ்சம் பர்ட்டிகுலர். ஒரு நூல் பிசகினாலும் வேணாம்னுடுவாங்க. உங்க வொர்க் தெரிஞ்சுதான் நான் தைரியமா இருக்கேன்."

"வாங்கம்மா, பாத்துக்கலாம்."

போனை வைத்ததும், "இரண்டாயிரம் தையல் இருக்கும்னு ஜோவி சொன்னா. பிரிச்சு மறுபடி போட இருபது மணி நேரம் பிடிக்கும். ராத்திரி உட்கார்ந்தா முடியும்," என்றாள். பிறகு என்னிடம், "என்னங்க, அந்த நீலம் அலமாரில இருக்கா?"

"தீர்ந்து போச்சு. தி. நகர் போய் வாங்கிட்டு வரேன்," என்று அவசரமாக எழுந்தேன். கடமை உணர்ச்சியால் இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க அதுதான் வழி.

செருப்பு மாட்டும்போது ஜொவிட்டா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். இருபத்தெட்டு வயது. அன்றைக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. கையில் என் ஃபைல்.

"டாடி, இது என்ன?"

காலிச் சீட்டுகளை நிற வாரியாக ஒட்டி வைத்திருந்த என் ஃபைல் அது. கடைசிப் பக்கத்தில் எட்டு ரூபாய் விலை போட்ட இரண்டு சீட்டும் தேதியோடு ஒட்டியிருந்தன. உலகத்திலேயே தன் தடயத்தைத் தானே ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்தும் வைத்த குற்றவாளி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"அது வந்து... மாற்றுப் பொருள்..."

"மம்மி தன் தப்புன்னு நெனச்சிட்டிருக்காங்க."

"தெரியும்."

"நூத்தி நாலு ரூபா, டாடி. இந்த வாரம் நீங்க வாங்குன சமோசா அதுக்கு மேல."

"ஜோவி, ஒண்ணு கேக்கறேன். உங்க மம்மி எப்படி அதைக் கவனிக்காம—"

"பேச்சை மாத்தாதீங்க. சாயந்திரத்துக்குள்ள நீங்க சொல்றீங்க. இல்லைன்னா நான் சொல்லுவேன். எனக்கு மீட்டிங் இருக்கு."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். இரண்டாவது ஆளிடமும் பதில் இல்லை.

12பி பஸ்ஸில் ஏறினேன். இந்த நிலைமையிலும் ஆட்டோ பிடிக்க மனசு வரவில்லை. லஸ்ஸில் மெட்ரோ வேலைக்காகப் போட்டிருக்கும் தகரத் தடுப்புகளுக்கு நடுவில் பஸ் இருபது நிமிடம் நின்றது. அந்த இருபது நிமிடமும் ஐவியிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். நகைச்சுவையாக ஆரம்பிக்கலாமா, வருத்தமாக ஆரம்பிக்கலாமா? முன் சீட்டில் இருந்த அம்மாள் என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, குழந்தையை மடி மாற்றி உட்கார்த்திக்கொண்டாள்.

உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஷோயபின் கடை. ஆறடி அகலம், கூரை வரைக்கும் நூல். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"வாங்கோ சார். இன்னா, மூஞ்சி வாடிக் கீது?"

நம்பரைச் சொன்னேன். விஷயத்தையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது.

"அன்னிக்கே சொன்னேன்ல சார்? இது பொம்மைக்கு, தலகாணி உறைக்கெல்லாம் போடுவாங்கோ, படத்துக்குப் போடாதீங்கோன்னு. நீங்க இன்னா சொன்னீங்க? 'நான் முப்பது வருசமா மெட்டீரியல் பாத்தவன்பா'ன்னீங்க."

"சொன்னேனா?"

"கல்லாவைத் தட்டிச் சொன்னீங்க."

அசல் நூலில் இரண்டு கண்டு எடுத்து வந்தான். நான் கொண்டுபோயிருந்த பழைய துண்டு நூலோடு சேர்த்துத் தெருவுக்கு வந்து வெயிலில் பிடித்தான். நம்பர் ஒன்றுதான். ஆனாலும் நிறம் மயிரிழை தள்ளி இருந்தது.

"சாயத் தொட்டில ஒவ்வொரு ஈடும் ஒவ்வொரு மாரி வரும் சார். இது புது ஈடு. ஒண்ணு பண்ணுங்கோ. ரெண்டு இழை கோத்துத் தானே தைக்கறாங்கோ? ஒரு இழை பழசு, ஒரு இழை புதுசு போடச் சொல்லுங்கோ. ஓரத்துல மட்டும். கண்ணுக்கே தெரியாது."

"பழசு எங்கப்பா இருக்கு?"

"துண்டு நூலு சேத்து வெச்சிருப்பீங்களே? அந்த டப்பா கதையை அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்கோ."

நூற்றிருபது ரூபாயை எடுத்து நீட்டினேன். வாழ்க்கையில் முதல் முறையாகப் பேரம் பேசவில்லை. அவன் காசை வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா இப்ப எப்டி கீறாங்கோ சார்?"

"எப்படின்னா?"

"இல்ல... ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வந்தாங்கோ. தனியா. ரெண்டு நூலை நீட்டி, 'ஷோயப், இதுல எது ஆழமான நீலம்?'னு கேட்டாங்கோ. நான் ஜோக்குன்னு நெனச்சேன். எனக்கே கலர் சொல்லிக் குடுத்தவங்கோ அவங்கோ."

"என்கிட்ட ஏன்பா சொல்லல?"

"நீங்க இன்னா கேட்டீங்கோ சார்? வெலைதானே கேட்டீங்கோ."

தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரர் ஹேர்பின் விற்றுக்கொண்டு போனார்.

"ஷோயப், அவ கண்ணுல ஏதாவது..."

"எனக்கு இன்னா சார் தெரியும். வூட்ல கேளுங்கோ." காசை வாங்கிக் கல்லாவில் போட்டான். "வெயில்ல நிக்காதீங்கோ, கெளம்புங்கோ."

மூன்றாவது ஆளும் நழுவிவிட்டான்.

திரும்பி வர ஆட்டோ. ஓட்டுநர் இருநூற்றைம்பது என்றார், சரி என்றேன். நான் சரி என்றதும் அவருக்கே சந்தேகம் வந்து, "ஆஸ்பத்திரிக்கா சார்?" என்றார். வழியெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அட்டை நம்பரெல்லாம் தடிமனாக, கறுப்பு மையில் எழுதித் தரச் சொல்லி ஜொவிட்டாவிடம் ஐவி கேட்டது. தையலுக்கு ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே உட்கார ஆரம்பித்தது. 'கரண்ட் பில் குறையுதே' என்று நான் அவளைப் பாராட்டியது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டரை. ஜொவிட்டாவின் அறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே அவள் யாருடனோ இங்கிலீஷில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஐவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் படம். கையில் சின்னக் கத்தரி. எனக்காகக் காத்திராமல் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கத்தரியின் முனையால் ஒரு தையலைத் தூக்கி, வெட்டி, இழுத்து, மடித்து வைத்த துண்டின் மேல் போட்டாள். துண்டு முழுக்க நீலப் பொடியாகக் கிடந்தது. அவள் கை எப்போதும் போல வேகமாக, அலுங்காமல் வேலை செய்தது.

"வந்துட்டீங்களா? கிடைச்சுதா? பாதி பிரிச்சிட்டேன்," என்றாள் நிமிராமல்.

கிட்டே போனேன்.

கட்டுமரத்துக்கு வலது பக்கம், என் உள்ளங்கை அளவுக்கு, வெள்ளைத் துணி தெரிந்தது. பதினைந்து மாதத்தில் ஒரு பிசகும் இல்லாமல் தைத்த, நல்ல, ஆழமான கடல் அங்கே இருந்தது.

கட்டுமரத்துக்கு இடது பக்கம் என் எட்டு ரூபாய் நீலம் பளீரென்று அப்படியே இருந்தது.

கத்தரி அடுத்த தையலைத் தூக்கியது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"என்னங்க?"

"போதும் ஐவி. கொஞ்சம் நிறுத்து."

"நேரமில்லைங்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு—"

"நிறுத்துன்றேன்ல!"

பக்கத்து அறையில் இங்கிலீஷ் நின்றது. நாற்பது வருடத்தில் நான் அவளிடம் இந்தக் குரலில் பேசியது இல்லை. எனக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் பார்த்த ஒத்திகை ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

"அந்தப் பட்டை உன் தப்பு இல்ல. என் தப்பு. ஏப்ரல்ல எட்டு ரூபா நூல் வாங்கி, அசல் அட்டைல சுத்தி வெச்சேன். காசு மிச்சம் பண்ணணும்னு. உன்கிட்ட சொல்லல. காலைல மாடிலயும் சொல்லல."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. ஐவியோ பெருமூச்சு விட்டாள். தோள் இரண்டும் தளர்ந்தன.

"அப்போ நூலுதான் வேறயா?" என்றாள். "நான் தப்பான அட்டையை எடுக்கலையா? நம்பர் சரியாத்தான் எடுத்தேனா?"

"சரியாத்தான் எடுத்தே. அட்டைலதான் பொய் இருந்துச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பாவி மனுஷா. காலைலேர்ந்து நான் என்னையே கொன்னுட்டிருந்தேன்."

அவள் சிரிப்பதைப் பார்த்து நானும் சிரித்திருக்கலாம். சிரித்துவிட்டு டீ போடப் போயிருக்கலாம். நான் வழக்கமாகச் செய்வது அதுதான். அறுபத்து நான்கு வருடம் அப்படியே ஓட்டிவிட்டேன்.

அவள் வலது கையை எடுத்து, சுட்டுவிரலைக் கட்டுமரத்துக்கு இடது பக்கம், பட்டையின் மேல் வைத்தேன். நடுத்தெருவில் பச்சைச் சட்டை போட்டு நிற்கும் ஆளைப் போல அது எனக்குத் தெரிந்தது.

"ஐவி, டீ ஆறிடும்னு சொல்லாதே. உன் விரலுக்குக் கீழ ஒரு பட்டை இருக்கு. உனக்கு அது தெரியுதா?"

ஜொவிட்டாவின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஐவி அந்தப் பக்கம் திரும்பவில்லை. விரலை எடுக்கவும் இல்லை. தையலின் மேல் மெதுவாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரு தடவை தடவினாள்.

"தெரியல," என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"பொங்கல் கழிச்சு. கறுப்பு, செவப்பெல்லாம் தெரியுது. நீலம், பச்சையெல்லாம் ஒரே சாம்பலா இருக்கு. நம்பரைப் பார்த்துதான் தைக்கறேன். படகை ஒட்டின்னு ஜோவி சொன்னதை வெச்சுத்தான் இப்பவும் பிரிச்சேன்."

"டாக்டர்?"

"போயிட்டு வந்துட்டேன். அவர் சொன்னதை நாளைக்குச் சொல்றேன். அவங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

அறை வாசலில் ஜொவிட்டா ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"காலைல ஜோவி கேட்டப்ப, ஆமான்னு சொன்னியே?"

ஐவி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் எங்க பார்த்தீங்களோ, நானும் அங்கேயே பார்த்தேங்க."